சிவப்புத் துணியை அவிழ்த்தவன்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த லாரியின் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கொஞ்சம் எண்ணெய் இருக்கும். அது தவறில்லை. விரலை விட்டுத் தடவினால் விரல் பளபளக்கலாம், சொட்டக் கூடாது. புது டிரைவர்கள் அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே வண்டி போச்சு என்று தலையில் கை வைப்பார்கள். எல்லா வண்டிக்கும் இப்படித்தான் என்று அவர்களுக்கு விளங்க வைப்பது என் வேலையில் பாதி. மீதிப் பாதி, சொட்டும்போது அதைச் சொல்வது.

உங்கள் ஸ்டேஷன் ஆய்வாளர் வந்து வெடித்த வண்டியைச் சுற்றிப் பார்த்தார். மெக்கானிக் நிறுத்தி வைத்த வண்டியை டிரைவர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டு போனார், அதனால் செத்தார் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு அது வசதியாகப் போயிற்று. ஷெட்டிலும் இப்போது அதையேதான் பேசுகிறார்கள். அது தப்பு. வயிற்று வலிக்காரனுக்குக் காதில் சொட்டு மருந்து விட்டால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். படிப்பு ஏறவில்லை, அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் கிடையாது. லாரி ஷெட்டில் இரவு ஷிப்ட் மெக்கானிக். இரவு ஷிப்டில் ஆட்கள் குறைவு, பேச்சும் குறைவு. எனக்கு அது ஒத்துப்போயிற்று.

எங்கள் ஷெட்டில் ஒரு முறை உண்டு. ஓடக் கூடாத வண்டியின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டுவோம். கையெழுத்து, சீட்டு எதுவும் கிடையாது. துணி கட்டிய வண்டியை முதலாளியே வந்தாலும் கிளப்ப முடியாது. கட்டியவன் கையால்தான் அவிழ்க்க வேண்டும். ஒருமுறை நான் காய்ச்சலில் படுத்துவிட்டபோது, முதலாளி காரை அனுப்பி என்னைப் போர்வையோடு ஷெட்டுக்கு வரவழைத்தார். முடிச்சை அவிழ்த்ததும் திரும்பக் கொண்டுவந்து படுக்கையில் விட்டார்கள்.

அந்தத் துணியோடு விளையாடிய ஒரே ஆள் என் மாப்பிள்ளை. அதாவது என் தங்கையின் கணவர். எங்கள் கம்பெனியில்தான் லாரி ஓட்டினார். ஒரு நாள் நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து துணியை அவிழ்த்து முதலாளியின் நாற்காலிக் கையில் கட்டிவிட்டார். முதலாளி ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். "இந்த வண்டி புகை தள்ளுது, மேட்டுல இழுக்கல. செக் பண்ணாம வெளிய விட வேண்டாம்," என்றார் மாப்பிள்ளை. முதலாளியே சிரித்துவிட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்த அந்தச் சிரிப்புதான் பிறகு அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. துணியை அவிழ்க்கக் கூடியவன் அவன்தான் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

கல்யாணமானதிலிருந்து அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் தங்கைதான். அவளை விட்டால் ஆள் கிடையாது. மாமனார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று சிலர் நக்கலடித்தார்கள். "வாடகை மிச்சம், மாமனாரும் எதிர்த்துப் பேச மாட்டாரு. இந்த மாதிரி சம்பந்தம் உங்களுக்கு அமையுமா?" என்பார். சொல்லிவிட்டு அப்பாவை இரண்டு கையிலும் ஏந்திக் குளியலறைக்குத் தூக்கிப் போவார். நான் தூக்கினால் அப்பா முகத்தைச் சுளிப்பார். அவர் தூக்கினால் கோணல் வாயால் சிரிப்பார்.

அவருக்கு வேறு ஊரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. குடியிருக்க இரண்டு அறையும் தருவதாகச் சொன்னார்கள். சொன்ன தேதியில் வந்து சேராவிட்டால் அடுத்த ஆள் வாசலில் நிற்கிறான் என்றும் சொல்லியிருந்தார்கள். தங்கையும் கூடப் போவதாக முடிவாயிற்று. எனக்கு விஷயம் தெரிந்தபோது ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள்.

"அண்ணே, பகல்ல அப்பாவைப் பாத்துக்க ஒரு அம்மா வரேன்னு சொல்லிருக்காங்க," என்றாள் தங்கை. "ராத்திரிக்கு நீங்க ஷிப்டை மாத்திக்கங்களேன்."

"யோசிக்கலாம்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் என்ன செத்தா போறேன்? வேற ஊருக்குத்தானே போறேன்."

"மச்சானுக்கு அது கவலை இல்ல," என்றார் மாப்பிள்ளை. "ராத்திரி பூரா இன்ஜின்கூடப் பேசிப் பழகின மனுஷன். இனிமே மாமாகூடப் பேசணும்னா, மாமா என்ன டீசலா குடிக்கிறாரு?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் நான் எதையும் செய்யவில்லை. அப்பாவை நினைத்துத்தான் செய்தேன்.

புது வேலைக்குப் போகும் முன் அவருக்குக் கம்பெனியில் ஒரு டிரிப் மிச்சம் இருந்தது. அதற்கு முந்தைய டிரிப் முடித்து வந்தபோதே வண்டி நீலப் புகை தள்ளியது. கறுப்பாக வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். வெள்ளையாக வந்து இனிப்பாக வாடை அடித்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. அதில் சந்தேகம் இல்லை. எண்ணெய் எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"என்ன டாக்டரே, பேஷன்ட் பொழைப்பானா?" என்றார் மாப்பிள்ளை. என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"எப்ப தள்ளுது? மேடு ஏறும்போதா, இறங்கும்போதா?"

"இறங்கி முடிச்சு ஆக்ஸிலேட்டர்ல காலை வச்சா குப்புன்னு வருது. பின்னாடி வர்றவன் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டுறான்."

"ஆயில்?"

"குடிக்குது மச்சான். குடிக்கிறது அவன், கெட்ட பேரு எனக்கு."

இரவு ஆற அமர உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஏர் ஃபில்டர். அது அடைத்திருந்தால், டர்போவில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீலைத் தாண்டி எண்ணெயை இழுக்கும். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. அடுத்தது பிரீதர், இன்ஜின் மூச்சுவிடும் குழாய். அது அடைத்தாலும் எண்ணெய் காற்றுக்குள் தள்ளப்படும். அதிலும் குறையில்லை. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிச் சாய்த்தேன். எண்ணெய் ஒழுகியது. சொட்டவில்லை, ஒழுகியது. பிறகு புகை வெளியேறும் பக்கம். இன்ஜினிலிருந்து டர்போவுக்கு வரும் வாய் காய்ந்து கிடந்தது, டர்போவைத் தாண்டியதும் ஈரம். அப்படியானால் ரிங், வால்வு எல்லாம் நன்றாக இருக்கிறது, நோய் டர்போவில்தான். விரலால் அதன் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். பக்கவாட்டில் ஒரு மயிரிழை ஆடலாம். இது முன்னும் பின்னும் போய் வந்தது. இறக்கைகள் உறையில் உரசிய கீறல் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

சந்தேகத்துக்கு இடமே இல்லை. துணியை எடுத்து ஸ்டியரிங்கில் கட்டினேன். சரிசெய்து வைத்த டர்போ ஒன்று ஸ்டோரில் இருந்தது. மாட்டுவது பெரிய வேலை அல்ல.

காலையில் எல்லோரும் துணியைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் அன்று யாரும் வண்டியைத் தொடவில்லை. மறுநாள் விடிந்தால் அவர் கிளம்ப வேண்டும். அன்று இரவு நான் திரும்ப வேலைக்கு வந்தபோது ஸ்டோரில் இருந்த அந்த டர்போவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு அதைத் திரும்ப ஸ்டோரில் வைத்துவிட்டு வந்து துணியை அவிழ்த்தேன்.

என் கணக்கு இதுதான். வண்டி வழியில் எங்காவது படுத்துவிடும். லோடு வண்டியை விட்டு டிரைவர் நகரக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம் மாதிரி. மாற்று வண்டி வரும்வரை அவர் அங்கேயே காவல் கிடக்க வேண்டும். வேலையில் சேரும் தேதி போய்விடும். அடுத்த ஆள் உள்ளே போய்விடுவான். அவர்கள் இங்கேயே இருப்பார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், கணக்கில் பிழை இல்லை.

அதற்காகச் சில வேலைகள் செய்ய வேண்டியிருந்தது. ஹோஸில் தேங்கியிருந்த எண்ணெயை வடித்துத் துடைத்தேன். இல்லாவிட்டால் கேட்டைத் தாண்டும் முன்பே புகை தள்ளி, காவலாளியே நிறுத்தியிருப்பான். இன்ஜின் ஆயிலைக் குறிக்கு மேலேயே ஊற்றினேன். வழியில் குறைந்துவிடக் கூடாது என்று ஊற்றியதாக அப்போது நினைத்தேன். எண்ணெய் கூடினால் சீல் இன்னும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

வெளிச்சம் வந்ததும் மாப்பிள்ளை வந்தார். கையில் தங்கை கட்டிக் கொடுத்த டிபன் டப்பா.

"துணியக் காணோமே டாக்டரே."

"நான்தான் அவிழ்த்தேன் மாப்ள. பிரீதர்தான் அடைச்சிருந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்."

"இதுக்கா இந்த அலப்பறை? நேத்து ஊரே கூடி நின்னு பாத்துச்சு." வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பவும் தலையை நீட்டினார். "மச்சான், ஒண்ணு கேக்கணும். இந்த டர்போ வண்டியெல்லாம் சில சமயம் தானா ரேஸ் ஆகி, சாவிய எடுத்தாலும் நிக்காதாமே?"

அவர் அதுவரை டர்போ இல்லாத பழைய வண்டிகளில் பழகியவர், இந்த வண்டி அவர் கைக்கு வந்ததே போன டிரிப்பில்தான். கேட்டது நியாயமான கேள்வி. டர்போ உடைந்து எண்ணெய் மொத்தமாக உள்ளே போனால், இன்ஜின் டீசலை விட்டுவிட்டுத் தன் எண்ணெயையே தின்று ஓடும். சாவியால் டீசலைத்தான் நிறுத்த முடியும், எண்ணெயை நிறுத்த முடியாது. அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டர்போ வண்டி ஓட்டும் எல்லா டிரைவருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். கிளட்சைத் தொடாதே. பெரிய கியரில் வைத்துக்கொண்டு பிரேக்கை அழுத்து. சக்கரம் நின்றால் இன்ஜின் திணறிச் செத்துவிடும். அது முடியாவிட்டால் இறங்கி ஓடு. வண்டி போனால் போகட்டும், முதலாளிக்கு இன்னொன்று வாங்கத் தெரியும். ஷெட்டில் அப்படி நடந்தால் காற்றுக் குழாயின் வாயை அடைக்கத் தடிமனான பலகை ஒன்று வைத்திருக்கிறோம். கையால் அடைக்கக் கூடாது, துணியால் அடைக்கக் கூடாது. பலகையோடு போகிறவனும் பக்கவாட்டில் நின்றுதான் அடைக்க வேண்டும்.

அவருக்கு நான் சொன்னது வேறு.

"கிளட்சை மிதிச்சுடுங்க மாப்ள. அப்பத்தான் வண்டி உங்க கட்டுல இருக்கும். ஓரமா நிறுத்தி, இறங்கி, கேபினுக்குப் பின்னாடி இருக்குற காத்துக் குழாய் வாயைத் துணியால இறுக்கி அடைங்க. ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எங்க, திருப்பிச் சொல்லுங்க."

"கிளட்சு, ஓரம், துணி." விரல் விட்டு எண்ணினார். "பரிட்சைக்குக்கூட நான் இப்படிப் படிச்சதில்ல மச்சான். வரட்டுமா? மாமாவுக்கு மத்தியானம் மாத்திரை, உங்க தங்கச்சி மறந்துடுவா, ஞாபகப்படுத்துங்க."

வாய் தவறிச் சொன்னேன் என்று சில நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். வாய் தவறியவன் திருப்பிச் சொல்லச் சொல்ல மாட்டான்.

கிளட்சை மிதித்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கியரில் இருக்கும்வரை லோடின் பாரம் இன்ஜினைப் பிடித்து வைத்திருக்கும். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். தலைதெறிக்க ஓடும் மாட்டின் மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட்டது மாதிரி. அதன்பிறகு அது வெடிக்க அதிக நேரம் ஆகாது. அந்த நேரத்தில் அதன் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது.

பிறகு நடந்ததை முட்டை லாரிக்காரர் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பின்னால் முட்டை ஏற்றிக்கொண்டு வந்தவர். நீண்ட இறக்கம் முடிந்து சமதரை தொடங்கும் இடம். முன்னால் போன வண்டி முழுக்கப் புகையில் மறைந்தது. பிறகு சத்தம். இன்ஜின் போடும் சத்தம் மாதிரியே இல்லை, ஏதோ பெரிய மிருகம் கத்துகிற மாதிரி இருந்தது என்றார். வண்டி ஓரமாக, ஒழுங்காக நின்றது. இண்டிகேட்டர்கூடப் போட்டிருந்தாராம். மாப்பிள்ளை குதித்து இறங்கினார். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு கேபினுக்குப் பின்னால் ஓடினார்.

"யோவ், கிட்ட போகாதய்யா, வெடிச்சுடும், ஓடி வந்துடுன்னு கத்தினேன்," என்றார் முட்டை லாரிக்காரர். "திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. எங்க மச்சான் சொல்லிக் குடுத்திருக்காருன்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல."

இன்ஜின் பக்கவாட்டில் பிளந்து உள்ளே இருந்த இரும்புத் துண்டு வெளியே வந்தது. கழுத்தில் பட்டது. வேறு எங்கும் காயம் இல்லை.

முட்டை லாரிக்காரர் இதை எல்லோரிடமும் சொன்னார். மச்சான் சொல்லிக் கொடுத்ததை இந்த ஆள் ஏடாகூடமாகப் புரிந்துகொண்டான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் தொழிலுக்கு அவ்வளவு மரியாதை.

அன்று அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தேன். தங்கை கூடத்தில் உட்கார்ந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்து பேன்ட், சட்டை போட்டேன். செருப்பையும் எடுத்து வாசலில் போட்டேன்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? தூங்கலையா?" என்றாள்.

 எங்கே கிளம்பினேன் என்று எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் போன் அடித்தது. வண்டி படுத்துவிட்டது என்ற செய்திக்கு யாரும் குளித்து உடுத்திக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். என் கணக்கைப் பற்றிச் சற்றுமுன் சொன்னேன் அல்லவா, அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் கை செய்ததும் என் கணக்கும் ஒன்றில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். "துணி கட்டினது நீதானே?"

"ஆமாங்க."

"அப்புறம் எப்படி வண்டி போச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். யாரோ பின்னாலிருந்து, "அவனுக்கு எல்லாமே விளையாட்டுதானே, துணியை அவிழ்த்திருப்பான்," என்றார்கள். அது அப்படியே பற்றிக்கொண்டது. "உன் பேச்சைக் கேட்டிருந்தா உயிரோட இருந்திருப்பான்பா," என்று ஒரு பெரியவர் என் முதுகைத் தடவினார்.

ஐயா, அவர் என் பேச்சைக் கேட்டார். ஒன்று விடாமல் கேட்டார். கிளட்சு, ஓரம், துணி. நான் சொன்ன வரிசைகூட மாறவில்லை. அந்தப் பெரியவரின் கை என் முதுகில் இருந்தபோது எனக்கு வாந்தி வந்தது. துக்கம் தாங்காமல் வருகிறது என்று தண்ணீர் கொடுத்தார்கள். அன்றிலிருந்து யாராவது என்னிடம் யோசனை கேட்டால் வாய் எழுவதில்லை. ஹோஸை எங்கே மாட்டுவது என்று ஒருவன் கேட்டாலும் நானே எழுந்துபோய் மாட்டிவிடுகிறேன்.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நிறைய அழவில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம். "ஒரு வார்த்தை உங்க பேச்சை மதிச்சிருக்கலாமேண்ணே. எங்கமேல அக்கறை இருந்திருந்தா அந்த வண்டியை எடுத்திருப்பாரா?" என்றாள். பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்து, சுற்றிய பேப்பரைப் பிரித்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அவருடைய சட்டைகளைக் கிழித்து அப்பாவைத் துடைக்கும் துணியாக்கினாள். அப்பா மட்டும் ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன்னைத் தூக்க வரும் ஆளைத் தேடி. நான் தூக்கினேன். அவர் முகத்தைச் சுளிப்பதையும் விட்டுவிட்டார். எதுவுமே செய்யாமல் என் கையில் கிடந்தார்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடப் பலமுறை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் கையில் அப்பாவின் தட்டோ மருந்தோ இருந்தது. சொன்னால் இதையெல்லாம் யார் செய்வார்கள் என்று நினைத்து மூடிக்கொண்டேன். அப்பாவுக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

போன மாதம் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே. காரியங்கள் எல்லாம் முடிந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அதன்பிறகும் நான் உங்களிடம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் நேரம் அமையவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் ஷிப்ட் முடிந்து வந்தால் தங்கை டீ வைத்துத் தருவாள். எதிரில் உட்கார்ந்து அவளும் குடிப்பாள். பேச மாட்டோம். அந்த நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

நேற்றுக் காலை டீயை வைத்துவிட்டு அவள் உட்காரவில்லை. ஒரு தையல் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, தங்க இடமும் உண்டு, வெளியூர், நாளை மறுநாள் பஸ் என்றாள். அதே பழைய பேப்பர், அதே பெட்டி. இந்த முறை தனக்கு வேண்டிய ஒரு தட்டையும் ஒரு டம்ளரையும் மட்டும் எடுத்து வைத்தாள்.

"இங்கயே இருக்கலாமே," என்றேன்.

"யாருக்காகண்ணே?" என்றாள். திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டாள். அவள் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

இரவெல்லாம் யோசித்தேன். காலையில் நேராக இங்கே வந்துவிட்டேன். செத்துப்போன மனுஷன்மேல் பழி நிற்கக் கூடாது. அவர் துணியை அவிழ்க்கவில்லை, நான் அவிழ்த்தேன். வண்டியை நாசமாக்கியதும் நான்தான், அவரை அந்த இன்ஜின் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னதும் நான்தான். அவர் நிற்பார் என்று தெரிந்துதான் சொன்னேன். இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

இதில் என் தங்கையும் முக்கியமான சாட்சி. துணி, டிபன் டப்பா, நான் அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது எல்லாம் அவளுக்குத் தெரியும். நீங்கள் அவளை விசாரிக்காமல் இருக்க முடியாது. கேஸ் முடியும்வரை சாட்சிகள் வெளியூர் போகக் கூடாது என்று சொல்வீர்கள், இல்லையா ஐயா? இன்றைக்கே யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடுங்கள். பஸ் நாளைக்கு.